பின் இருக்கையே தீர்ப்புச் சொல்லட்டும்

குடும்பத்துக்கென்று சிறிய சொகுசு எஸ்.யூ.வி. வாங்க எண்ணுவோர் சிந்திக்க வேண்டியவை

ஐம்பது லட்ச ரூபாயை ஒட்டிய விலையுள்ள ஒரு வாகனத்தை வாங்குவது என்பது, சொந்த வீட்டுக்கும் பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் அடுத்தபடியாக, ஒரு குடும்பம் செய்கின்ற மிகப் பெரிய செலவாகும். அவ்வளவு பெரிய செலவைக் குறித்த நிர்ணயம் நம் நகரங்களில் எவ்விதம் செய்யப்படுகிறது என்று கவனித்தால், முகப்பில் பதித்த சின்னமும், எஞ்சினின் குதிரைத் திறனும், கூரையில் விரியும் கண்ணாடியும், நண்பர்களின் அபிப்பிராயமும் முன்வரிசையில் வந்து நிற்க, அந்த வண்டியில் ஆண்டுக்கணக்காக அமர்ந்து பிரயாணம் செய்யப்போகும் பாட்டியின் முழங்காலும் குழந்தையின் கழுத்தும் கணக்கில் சேராமலே போய்விடுவதைக் காண்கிறோம். வண்டியை ஓட்டுபவர் ஒருவர். அதில் ஏறிச் செல்பவர்கள் மூவர் அல்லது நால்வர். பணம் கொடுப்பவரும் ஓட்டுபவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பதனால், அந்த ஒருவருடைய ரசனையே மற்ற நால்வரின் சௌகரியத்துக்கும் அளவுகோலாகிவிடுகிறது.

குடும்ப வாகனத்தைப் பற்றி இக்கட்டுரை வற்புறுத்த விரும்புவது ஒன்றே: பின் இருக்கையில் அமர்பவர்களை முதலில் எண்ணி, அவர்களுடைய தேவைகளின் வரிசைப்படி வண்டியை ஆராய வேண்டும். அவ்வாறு ஆராய்ந்தால், ஷோரூமில் அழகாகத் தோன்றிய பல அம்சங்கள் அவசியமற்றவை என்பதும், விளம்பரத்தில் ஒரு வரிகூடப் பெறாத பல அம்சங்கள் பிரதானமானவை என்பதும் தாமே விளங்கும்.

சிறிய சொகுசு வண்டி உருவான விதம்

மலைப்பாதைக்கும் பண்ணைக்கும் உரியதாக இருந்த உயரமான வண்டியைச் சீமான்களின் வாசலுக்குக் கொண்டுவந்த முயற்சிகள் பலவாயினும், 1997-ல் மெர்சிடிஸ்-பென்ஸ் வெளியிட்ட எம் கிளாஸும், 1999-ல் பி.எம்.டபிள்யூ. வெளியிட்ட எக்ஸ்5-ம் அந்த மாறுதலை நிலைநாட்டியவை எனலாம். அவை பெரியவை, விலையும் பெரிது. அதே உயரத்தையும் அதே சின்னத்தையும் சற்றுக் குறுகிய உருவத்தில் கொடுத்தால் வாங்குவோர் பெருகுவர் என்று உணர்ந்த நிறுவனங்கள், 2009-ல் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1, 2011-ல் ஆடி க்யூ3, 2013-ல் மெர்சிடிஸ் ஜி.எல்.ஏ. என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிய வண்டிகளை வெளியிட்டன.

இவற்றுள் எக்ஸ்1-ன் சரித்திரம் நம் விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது. முதல் தலைமுறையில் அதன் எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களை உந்தியது. ஓட்டுவதில் இன்பம் காண்போர் அதனைப் போற்றினர். ஆனால் நீண்ட எஞ்சின் முன்புறத்தை விழுங்க, அதிலிருந்து பின்னே செல்லும் தண்டு தரையின் நடுவே மேடாக எழும்ப, பின்னால் அமர்ந்தவர்களுக்கு எஞ்சிய இடம் சொற்பமாகவே இருந்தது. 2015-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் எஞ்சினைக் குறுக்குவாக்கில் திருப்பி, முன்சக்கரங்களை உந்தும் அமைப்புக்கு அந்நிறுவனம் மாறிற்று. பழைய ரசிகர்கள் மனம் வருந்தியபோதிலும், அந்த மாறுதலால் மிச்சமான இடம் பின் இருக்கைக்கும் டிக்கிக்கும் போய்ச் சேர்ந்தது. ஓட்டுபவரின் ரசனையைச் சற்றே தள்ளிவைத்துக் குடும்பத்துக்கு இடம் கொடுத்த அந்தத் தீர்மானம், வண்டி செய்பவர்களே கற்றுக்கொண்ட பாடமாகும். வாங்குபவர்களும் அதனைக் கற்றுக்கொள்வது நலம்.

மூன்று வண்டிகளும் இன்று நம் தேசத்திலேயே பூட்டப்படுகின்றன. எக்ஸ்1, சென்னையை அடுத்துச் செங்கல்பட்டுப் பக்கத்தில், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கிவரும் தொழிற்சாலையிலிருந்து வெளிவருகிறது, ஜி.எல்.ஏ. புணேயை அடுத்த சாகணிலும், க்யூ3 பழைய ஔரங்காபாத் நகரிலும் உருப்பெறுகின்றன. முழுவதுமாக இறக்குமதியாகும் வண்டிக்கும் இவற்றுக்கும் விலையில் உள்ள பெரிய வித்தியாசத்துக்கு இதுவே காரணம்.

ஏறுவதும் இறங்குவதும்

தாழ்ந்த செடான் வண்டியில் ஏறுவதற்கு உடலை மடித்து உள்ளே விழ வேண்டும். இறங்குவதற்கு முழங்காலை ஊன்றி உந்தி எழ வேண்டும். மிக உயர்ந்த வண்டியிலோ படியேறுவது போலக் காலைத் தூக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே, நிற்கின்ற மனிதரின் இடுப்பு மட்டத்தை ஒட்டி இருக்கை அமைந்திருப்பதே சிறிய எஸ்.யூ.வி.யின் முதற்பெரும் உபகாரம்; சாதாரண நாற்காலியில் அமர்வது போல் பக்கவாட்டில் அமர்ந்து, கால்களைப் பிறகு உள்ளே எடுத்துக்கொள்ளலாம். மூட்டுவலியுள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு காரணத்துக்காகவே இவ்வகை வண்டியை வாங்குவது நியாயமாகும்.

ஆயினும் எல்லா வண்டிகளிலும் இந்த உபகாரம் சமமாகக் கிடைப்பதில்லை. கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கதவின் கீழ்ச்சட்டம் எவ்வளவு தடித்திருக்கிறது, கூரை எவ்விடத்தில் சரியத் தொடங்குகிறது, பற்றி எழுவதற்குக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பவை எல்லாம் வண்டிக்கு வண்டி மாறுபடும். சேலை உடுத்தியவர் இறங்கும்போது கீழ்ச்சட்டத்தின் சேறு கரையில் படிகிறதா என்பதையும் பார்க்கலாம்; கதவே சட்டத்தையும் சேர்த்து மூடும்படி அமைந்த வண்டிகளில் அந்தத் தொல்லை இராது.

அமர்ந்த பிறகு கவனிக்க வேண்டியவை இன்னும் நுட்பமானவை. முழங்காலுக்கு முன் எத்தனை விரற்கடை இடம் என்பதை எல்லோரும் அளக்கிறார்கள். இருக்கையின் பலகை தொடையைத் தாங்குகிறதா, அல்லது முழங்கால்கள் மேலெழுந்து உடலின் பாரம் முழுவதும் முதுகின் அடியில் இறங்குகிறதா என்பதை ஒருசிலரே பார்க்கிறார்கள். பத்து நிமிஷம் அமர்ந்தால் தெரியாத இந்தக் குறை, சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேரும்போது முதுகுவலியாக வெளிப்படும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள நீளத்தை மட்டும் பார்த்து இடத்தை ஊகிப்பதும் சரியன்று. ஜி.எல்.ஏ.யில் அந்த நீளம் 2,729 மி.மீ.; எக்ஸ்1-ல் 2,692 மி.மீ.; க்யூ3-ல் 2,680 மி.மீ. ஆனால் மொத்த நீளத்தில் 4,410 மி.மீ. கொண்ட ஜி.எல்.ஏ.யே மூன்றிலும் சிறியது. ஏறத்தாழ 4,500 மி.மீ. நீளமும் 1,642 மி.மீ. உயரமும் கொண்ட எக்ஸ்1 பெரியது. க்யூ3-லோ பின் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தவும் சாய்மானத்தை மாற்றவும் வசதி உண்டு. குழந்தைகள் வரும் நாளில் டிக்கியை விஸ்தரிக்கவும், பெரியவர்கள் வரும் நாளில் காலுக்கு இடம் விடவும் அது உதவுகிறது. எண்கள் வழிகாட்டலாம், தீர்ப்பை உடல்தான் சொல்ல வேண்டும்.

கூரைக் கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைகள் அதனைக் கண்டு குதூகலிப்பது உண்மையே. ஆனால் அதன் சட்டம் தலைக்கு மேலுள்ள இடத்தில் சிறிது குறைக்கிறது. சித்திரை வைகாசி வெயிலில் திரை முழுவதும் மூடியிருந்தாலும் உஷ்ணம் இறங்கத்தான் செய்கிறது. பின் இருக்கைக்குத் தனி ஏ.சி. துவாரமும், ஜன்னல் திரையும், வெளிர் நிறத்து இருக்கையும் நம் சீதோஷ்ணத்தில் அதனினும் பெரிய பாக்கியங்கள்.

குழந்தையின் இடம் எது?

மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன் இருக்கையில் தாய் அமர்வது நம் வழக்கத்தில் பாசத்தின் அடையாளமாகக் கருதப்படுகிறது. பௌதிக சாஸ்திரமோ அந்தப் பாசத்தைப் பொருட்படுத்துவதில்லை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி மோதி ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தை சுமார் 140 கிலோ பாரத்துக்குச் சமமான விசையுடன் முன்னே பாயும். அதனைத் தாங்கிப் பிடிக்கும் வலிமை எந்தத் தாயின் கைக்கும் கிடையாது. முன் இருக்கையில் ஏர்பேக் வெடித்து விரிவதோ குழந்தைக்கு இரட்டை அபாயம்.

2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டாலோ குழந்தைகளுக்குரிய தனி இருக்கையாலோ பாதுகாக்காமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று விதித்திருக்கிறது. சட்டம் சொல்வதற்காக அன்றி, குழந்தையின் உயிருக்காகவே இதனைச் செய்ய வேண்டும். சிசுக்களின் தலை, உடலின் மற்ற பாகங்களோடு ஒப்பிடக் கனமானது, கழுத்தோ வலுவற்றது. ஆகையினால்தான் ஐரோப்பிய விதிகளுள் புதியது, குறைந்தபட்சம் 15 மாதம் வரையிலாவது குழந்தை வண்டியின் பின்புறம் நோக்கி அமர வேண்டும் என்று கட்டளையிடுகிறது. இத்தகைய தனி இருக்கையை வண்டியின் உடலோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இவ்வகை வண்டிகளில் எல்லாம் உண்டு. ஆனால் அவை மெத்தைக்குள் எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கின்றன என்பதையும், பின்புறம் நோக்கிய இருக்கையைப் பொருத்தியபின் முன் இருக்கையில் ஓர் ஆள் சௌகரியமாக அமர முடிகிறதா என்பதையும், குழந்தை இருக்கைகள் இரண்டு பொருத்தினால் நடுவே பாட்டிக்கு இடம் எஞ்சுகிறதா என்பதையும் ஷோரூமிலேயே பொருத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரியவர்களுக்கும் பெல்ட் அவசியமே. 2022 செப்டம்பர் 4 அன்று, மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா நதிப் பாலத்தில் நேர்ந்த விபத்தில், தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் அவரோடு பின் இருக்கையில் இருந்த மற்றொருவரும் மாண்டனர்; முன்னால் இருந்த இருவர் உயிர் பிழைத்தனர். அது உயர்தரமான சொகுசு வண்டி. எனினும் பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியாயினும், அதன் பாதுகாப்புச் சாதனங்கள் யாவும் பெல்ட் அணிந்த உடலை உத்தேசித்தே அமைக்கப்பட்டவை. வால்வோ நிறுவனத்தில் பணிபுரிந்த நீல்ஸ் போலின் 1959-ல் வடித்த மூன்று முனை பெல்ட்டை, மற்ற நிறுவனங்களும் தடையின்றி உபயோகிக்கட்டும் என்று வால்வோ விட்டுக்கொடுத்தது. அதற்குப் பின் வந்த சாதனம் எதுவும் அதன் இடத்தைப் பறித்ததில்லை.

நட்சத்திரங்களைப் பற்றிய விவேகமும் தேவை. ஐரோப்பாவின் யூரோ என்கேப் சோதனையில் க்யூ3-ம் வால்வோவின் எக்ஸ்சி40-ம் 2018-ல், எக்ஸ்1 2022-ல், ஐந்து நட்சத்திரம் பெற்றன. சோதனையின் விதிகள் இடையிடையே கடினமாக்கப்படுவதால், 2018-ன் ஐந்து நட்சத்திரமும் 2022-ன் ஐந்து நட்சத்திரமும் முற்றிலும் சமமல்ல. மேலும், அங்கே சோதிக்கப்பட்ட வண்டியில் இருந்த சாதனங்கள் அனைத்தும் இங்கே விற்கும் வண்டியில் இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. தானாகவே பிரேக் பிடிக்கும் சாதனம் உண்டா, ஏர்பேக்குகள் எத்தனை, அவற்றுள் பின் இருக்கையைக் காப்பவை எவை என்ற வினாக்களுக்கு விற்பனையாளரிடம் எழுத்தில் பதில் பெறுவது உத்தமம்.

சாலையும் வீட்டு வாசலும்

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி, வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெல்ல எழுந்து மெல்ல இறங்க வேண்டும். நம் தெருக்களில் உள்ளவை அந்த விதியை எவ்வளவு தூரம் பின்பற்றுகின்றன என்பது தினமும் அவற்றில் ஏறி இறங்குகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆகையால், ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறியபின் வண்டியின் அடிப்பாகம் தரைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே உண்மையான கணக்கு. காலி வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் அந்தக் கணக்கைச் சொல்லாது.

டயரின் பக்கத்தில் பொறித்த எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் நலம். 225/55 ஆர்18 என்று இருந்தால், டயரின் அகலம் 225 மி.மீ.; அதன் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், அதாவது ஏறக்குறைய 124 மி.மீ. 245/45 ஆர்19 என்று மாறினாலோ அது 110 மி.மீ.யாகக் குறைகிறது. பள்ளத்தில் இறங்கும் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் பக்கச்சுவர்தான். பார்வைக்குக் கம்பீரமான பெரிய சக்கரத்துக்காக அதிக விலை கொடுக்கிறவர், பின்னால் அமர்ந்தவரின் முதுகுக்கு வரவேண்டிய மென்மையை விற்றுவிடுகிறார். பள்ளத்தில் இறங்கி டயர் வெடித்தால் அதற்கும் தனியே விலை கொடுக்கிறார். ஆகவே ஒரே வண்டியின் வகைகளுள் சிறிய சக்கரமுள்ளதைத் தேர்வது குடும்பத்துக்கு ஹிதமானது. ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். சில வண்டிகளில் அது டிக்கியின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. மெல்லிய தற்காலிகச் சக்கரமாக இருந்தால் அதனை மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் ஓட்டலாகாது.

வண்டி நிற்கும் இடத்தையும் அளந்து பார்க்க வேண்டும். அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒரு வண்டிக்கென்று ஒதுக்கும் இடம் பொதுவாக 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்டது. இந்த வண்டிகள் மூன்றுமே 1.83 முதல் 1.85 மீட்டர் வரை அகலமுள்ளவை. நடுவே நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் எஞ்சுவது ஏறத்தாழ ஒன்றரைச் சாண் அகலமுள்ள இடமே. தூண் ஒரு பக்கம் இருந்துவிட்டால், பெரியவர்களை வெளியிலேயே இறக்கிவிட்டுத்தான் வண்டியை உள்ளே விட முடியும். மழைநாளில் அது எவ்வளவு சிரமம் என்பதை வாங்குவதற்கு முன்பே எண்ணிப் பார்ப்பது நல்லது.

பெட்ரோலா, டீசலா, மின்சாரமா?

எஞ்சினைத் தேர்வதற்குத் தூரமே அளவுகோல். 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பி.எஸ்.6 விதிகளின்படி, டீசல் வண்டியின் புகைக்குழாயில் புகைத்துகளை வடிகட்டும் சாதனம் உண்டு. அதில் சேரும் கரியை எரித்துச் சுத்தம் செய்ய, வண்டி நல்ல வேகத்தில் சிறிது நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். பள்ளிக்கூடம், கடைத்தெரு, கோயில் என்று மூன்று நான்கு கி.மீ. வட்டத்துக்குள்ளேயே சுற்றிவரும் வண்டியில் அந்தச் சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை. கரி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, செலவில் போய் முடியும். வாரந்தோறும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு டீசலின் இழுவையும் சிக்கனமும் பெரிய லாபம். நகரத்துக்குள்ளேயே இருப்பவருக்குப் பெட்ரோலே தகும்.

பெட்ரோலிலும் வித்தியாசம் உண்டு. எக்ஸ்1-ல் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 136 குதிரைத் திறன்; ஜி.எல்.ஏ.யில் 1.3 லிட்டர், 163 குதிரைத் திறன். க்யூ3-ல் 2 லிட்டர், 190 குதிரைத் திறன், நான்கு சக்கரங்களுக்கும் உந்துதல். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுள்ள கொல்லிமலைக்கோ நாற்பது வளைவுகளுள்ள வால்பாறைக்கோ ஐந்து பேரோடு அடிக்கடி ஏறும் குடும்பத்துக்கு க்யூ3-ன் எஞ்சின் ஆறுதலாயிருக்கும்; அண்ணாசாலையில் ஊர்ந்து செல்வதற்கு அவ்வளவும் தேவையில்லை. மூன்றிலும் இரட்டைக் கிளட்ச் கொண்ட தானியங்கி கியரே உள்ளது; நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது சில வண்டிகள் சிறிது வெட்டி வெட்டிச் செல்லும். பின்னால் இருப்பவருக்குத் தலைசுற்றல் உண்டாக்குவது அதுதான்.

மின்சார வண்டியைப் பொறுத்தவரையில், 2025 ஜனவரியில் இங்கே வெளியான, சென்னைத் தொழிற்சாலையிலேயே உருவாகும் எக்ஸ்1-ன் நீண்ட மின்சார வடிவம் தனியே கவனிக்கத் தக்கது. அதன் இரு சக்கரங்களுக்கிடைப்பட்ட நீளம் 2,800 மி.மீ.; கூட்டிய நீளம் முழுவதும் பின் இருக்கைக்கே போயிருக்கிறது. இந்தியாவில் சொகுசு வண்டியின் உயிர்நிலை பின் இருக்கைதான் என்பதை உற்பத்தியாளரே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை. 66.4 கிலோவாட் மணி பேட்டரியை வீட்டில் 7.4 கிலோவாட் சாதனத்தால் நிரப்ப ஓர் இரவு போதும். பரிசோதனையில் 531 கி.மீ. ஓடும் என்று சொல்லப்படும் தூரம் நெடுஞ்சாலை வேகத்தில் குறையும் என்பதால், சுமார் 460 கி.மீ. உள்ள சென்னை–மதுரைப் பிரயாணத்தில் ஒருமுறை நின்று சார்ஜ் ஏற்றிச் செல்வதாக உத்தேசித்துக்கொள்வது விவேகம். சொந்த வீடோ, சார்ஜர் பொருத்தக் குடியிருப்போர் சங்கத்தின் சம்மதமோ இல்லாதவர் இதனை வாங்குவது உசிதமன்று.

விலைப்பட்டியலுக்கு அப்பால்

ஷோரூம் விலையோடு செலவு நின்றுவிடுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதற்கு முன் கூடுதல் தீர்வையோடு சேர்த்து 45 முதல் 50 சதவீதம் வரை இருந்தது. மின்வாகனத்துக்கு 5 சதவீதமே. இது விலைக்குள்ளேயே அடங்கிவிடுவது. அதன்மேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி, 2023-ல் உயர்த்தப்பட்டபடி, 20 சதவீதம். 50 லட்ச ரூபாய் வண்டிக்கு அதுவே 10 லட்சம். இன்ஷூரன்ஸும் மற்றவையும் சேர்ந்தால் ஆன்-ரோடு விலை 60 லட்சத்தைத் தாண்டிவிடும். மின்வாகனங்களுக்கு மாநில அரசு சாலை வரியில் விலக்களித்து வந்திருக்கிறது. பதிவு செய்யும் நாளில் அது நடப்பில் உள்ளதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

கடன் வாங்குபவர் வட்டியையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். 40 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்குப் பெற்றால், மாதத் தவணை சுமார் 83 ஆயிரம். வட்டி மட்டும் ஏறக்குறைய 9.8 லட்சம். அதே ஐந்தாண்டில் வண்டியின் மதிப்பு எவ்வாறு கரைகிறது என்பதற்கு இன்ஷூரன்ஸ் அட்டவணையே அத்தாட்சி: ஓராண்டு முடிவதற்குள் 15 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 30, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் என்று கழித்தே மதிப்பிடுகிறார்கள். ஆகவே, மூன்றாண்டு ஓடிய வண்டியை, நிறுவனமே பரிசோதித்து உத்தரவாதத்தோடு விற்குமானால், வாங்குவதில் இழிவு ஒன்றுமில்லை. பலருக்கு அதுவே புத்திசாலித்தனமான காரியம்.

பம்பர், விளக்கு முதலியவற்றில் பிளாஸ்டிக் பாகங்கள் மிகுதி. சாதாரணப் பாலிசியில் அவற்றின் விலையில் பாதியைக் கழித்தே கொடுப்பார்கள். ஆதலால் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் வகையையும், எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் காக்கும் தனிப் பாதுகாப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் கண்ட சென்னைவாசிகளுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. தண்ணீரில் நின்ற வண்டியை மறந்தும் ஸ்டார்ட் செய்யலாகாது. சர்வீஸ் நிலையம் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் செலவின் ஒரு பகுதியே. பெருநகரங்களுக்கு வெளியே வசிப்பவர்கள், எந்தச் சின்னத்தின் நிலையம் அருகில் உள்ளதோ அதற்கு முதலிடம் தருவது தகும்.

குடும்பத்தோடு சோதித்துப் பாருங்கள்

டெஸ்ட் டிரைவ் என்பது வாங்குபவர் ஸ்டியரிங்கைப் பிடித்து மழமழவென்ற சாலையில் ஒரு சுற்று வருவதோடு முடிந்துவிடலாகாது. வீட்டிலுள்ள அனைவரையும் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் ஓட்டியபின் அரை மணி நேரமாவது பின்னால் அமர்ந்து வாருங்கள். உங்கள் தெரு வேகத்தடையின்மேல் ஓட்டச் சொல்லுங்கள்; உங்கள் வாசலிலேயே நிறுத்திப் பாருங்கள். வழக்கமாக ஊருக்கு எடுத்துச் செல்லும் பெட்டிகளை டிக்கியில் அடுக்குங்கள். நடு இருக்கையில் அமர்பவரின் கால் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கடைசியில், வீட்டிலேயே மூத்தவரிடம் அபிப்பிராயம் கேளுங்கள். இளையவர்கள் உற்சாகத்தில் மறைத்துவிடும் குறையை அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்.

முடிவாக

நால்வர் கொண்ட குடும்பம், அவ்வப்போது பெரியவர்களும் உடன் வருவார்கள் என்றால், உயரத்தாலும் இடத்தாலும் எக்ஸ்1 ஏற்றது. வீட்டில் சார்ஜ் செய்யும் வசதி இருந்தால், அதன் நீண்ட மின்சார வடிவமே குடும்பத்துக்கு இந்த வரிசையில் முதன்மையானது என்பது என் துணிபு. மலைப்பாதையும் நிறைந்த டிக்கியும் வழக்கமாயிருப்போருக்கு க்யூ3. குறுகிய தெருவும் சிறிய குழந்தைகளுமாக வாழும் குடும்பத்துக்கு ஜி.எல்.ஏ. ஆனால் எப்போதும் ஆறேழு பேராகவே பிரயாணம் செய்கிற குடும்பத்துக்கு இவற்றுள் எதுவும் பொருந்தாது. மூன்றாம் வரிசையோடு 2022 டிசம்பரில் இங்கே வந்த மெர்சிடிஸ் ஜி.எல்.பி.யிலும், அந்தக் கடைசி வரிசை 168 செ.மீ. உயரம் வரை உள்ளவர்களுக்கே என்று நிறுவனமே அறிவித்திருந்தது. அத்தகைய குடும்பம் சின்னத்தின்மேல் ஆசையை விட்டு, இன்னோவா ஹைகிராஸ் போன்ற விசாலமான வண்டியைக் குறைந்த விலையில் வாங்கி, மிச்சத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்துக்கொள்வதே சிரேஷ்டம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முன்பணம் செலுத்துவதற்கு முன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் அந்தப் பின் இருக்கையில் அமர்த்தி, பெல்ட் அணிவித்து, குழந்தை இருக்கையையும் பொருத்திப் பாருங்கள். அவர்கள் எல்லோரும் சம்மதித்த வண்டியையே வாங்குங்கள்.